இரவு மாத்திரை

ஜனவரி 22

தம்பிக்கு,

என் போனை எடுப்பதில்லை என்று நீ விரதம் இருக்கிறாய். தப்பித் தவறி எடுத்தாலும் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கட் செய்துவிடுகிறாய். கடிதத்தைக் கட் செய்ய முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் கூட வந்திருக்கும் டப்பாவைத் திற. மேலே இருப்பது எங்கள் தையல் தொழிற்சாலைப் பொத்தான்கள். அதற்கடியில் பஞ்சில் சுற்றியிருப்பது மாத்திரை.

ஆமாம், அந்தப் புது மருந்து ஆய்வில் தருகிற மாத்திரைதான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஒரு வருடத்துக்கு எனக்குத் தருகிறார்கள். காலை மாத்திரை எனக்கு, இரவு மாத்திரை உனக்கு. அப்பா தன் கால் நோயை நம் இருவருக்கும் வஞ்சனை இல்லாமல் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மருந்து மட்டும் எனக்கு ஒருத்திக்கு என்றால் அது எந்த ஊர் நியாயம்?

அன்று மருத்துவமனை வராந்தாவில் நடைச் சோதனையின்போது நீ பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன் மேல்தான். என்னைவிட நீ நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தாய். சோதனைக்கு முந்தின நாள் வேலை பார்க்கிற கட்டடத்தில் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகிக்கொண்டவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் இருப்பாய். அதுவும் லிஃப்ட் மெக்கானிக்! லிஃப்டைச் சும்மா நிறுத்திவைத்துவிட்டுப் படியில் ஏறியிருக்கிறாய். ஒரு நாள் அதிகம் நடந்தால் மறுநாள் படுக்கை என்பது அப்பாவைப் பார்த்து வளர்ந்த உனக்குத் தெரியாதா? "இந்த தூரத்துக்குக் கீழ நடக்கிறவங்களை எடுக்க மாட்டோம், திட்டத்துல அப்படித்தான் இருக்கு" என்று டாக்டர் சொன்னார். இன்னொரு நாள் நடக்கச் சொல்லிப் பாருங்கள் என்று நான் கெஞ்சியது உனக்குத் தெரியாது. நீ கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நிஜ மருந்தா, வெறும் மாவா என்று எனக்குத் தெரியாது. கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு, வருடம் முடிந்த பிறகுதான் யாருக்கு எது என்று பார்ப்பார்களாம். மாதா மாதம் காலி அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை வாங்குவதற்கென்று ஒரு சிஸ்டர் இருக்கிறார். நான் அவருக்கு ராணுவம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அட்டையின் ஒவ்வொரு குழியிலும் விரலை வைத்து எண்ணுகிறார். அவருக்கு வேண்டியது காலி அட்டைதானே? காலியாகவே கொடுத்துவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு போடு. யாரிடமும் உளறாதே.

உன் அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

டப்பா வந்தது. உன் புத்தி போகிற போக்கைப் பார்த்தால் நோய் காலில் இல்லை என்று தோன்றுகிறது.

பாதி மருந்து சாப்பிட்டால் பாதிக் கால் சரியாகுமா? எந்தக் கால், இடதா வலதா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவர்கள் அளந்து கொடுத்ததை நீ பங்கு போட்டுக்கொண்டிருக்கிறாய். இது நாம் சின்ன வயதில் பிய்த்துத் தின்ற ரொட்டி இல்லை.

நான் மாடிப்படி ஏறியதை இன்னும் எத்தனை வருடம் சொல்லிக் காட்டப் போகிறாய்? தெரியாமல்தான் செய்தேன். பரீட்சை என்றால் முந்தின நாள் படிப்பதில்லையா, அந்த நினைப்பில் செய்துவிட்டேன். அதற்கு என் கம்பெனியே தண்டனை கொடுத்துவிட்டது. என்னால் இனி லிஃப்ட் குழிக்குள் ஏணி பிடித்து இறங்க முடியாது என்று தெரிந்து, புகார் போன் எடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் "பதறாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்காங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். அந்த ஆளாகப் போய்க்கொண்டிருந்தவன் நான். இப்போது வாயால்தான் லிஃப்டை இறக்குகிறேன்.

இனிமேல் அனுப்பாதே. அனுப்பினால் சாக்கடையில் கொட்டுவேன்.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

தாராளமாகக் கொட்டு. என் காலை மாத்திரையையும் நான் இங்கே கொட்டுகிறேன். நீ சாப்பிடுகிறேன் என்று உன் கையால் எழுதி அனுப்பும்வரை ஒன்றுகூட என் வாய்க்குள் போகாது. நேற்றே நிறுத்திவிட்டேன்.

மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு உன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று நான் பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டவள். பஸ் போயே போய்விட்டது. நான் சொன்னால் செய்வேன்.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். நேற்றிலிருந்து. நீயும் உடனே ஆரம்பித்துவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

இதோடு வருவது நான்காவது டப்பா. ஏதாவது தெரிகிறதா, தெரியவில்லையா என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வலிக்கிறதா? கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தால் நான் என்னவென்று நினைப்பது?

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துணி வெட்டும் மேசை முன்னால் முன்பு மதியம்வரை நிற்பேன். இப்போது டீ நேரத்துக்குள்ளேயே முழங்கால் மடங்கப் பார்க்கிறது. மாவுதான் வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் சிலருக்குப் பாதி போதாமலும் இருக்கலாம். உனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றால் மறைக்காமல் எழுது. இரண்டையும் உனக்கே அனுப்புகிறேன், முழுசாகச் சாப்பிட்டுப் பார். நீ என்னைவிடச் சின்னவன். கை கால் ஓட வேண்டிய வேலை உனக்கு.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

இரண்டையும் அனுப்பாதே! எனக்கு ஒன்றே நன்றாக வேலை செய்கிறது. போன வாரம் ஆபீஸில் கைப்பிடியைத் தொடாமல் மூன்றாம் மாடி ஏறினேன். மூச்சு வாங்கியது, கால் வாங்கவில்லை. மேஸ்திரிகூட "என்னப்பா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடக்கிற?" என்று கேட்டார். செருப்பு இழுபடும் சத்தம் குறைந்திருக்கிறது. உட்கார்ந்து எழுந்திருக்க இப்போது மேசையைப் பிடிப்பதில்லை.

ஆகவே உன் மாத்திரையை நீ சாப்பிடு. இரவு மாத்திரையையும் நீயே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எனக்குத்தான் சரியாகிவிட்டதே.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

உன் மே மாதக் கடிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது, அத்தனை தடவை படித்திருக்கிறேன். மூன்றாம் மாடி! அப்பா வீட்டு வாசற்படி மூன்று ஏறியே நான் பார்த்ததில்லை. அப்படியானால் இது மாவு இல்லை, மருந்துதான்.

எனக்குத்தான் ஒட்டவில்லை. போன வாரம் ஆய்வுச் சோதனைக்குப் போனேன். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார்கள், முடியவில்லை. ராணுவம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நேரத்துக்கு முழுங்குறீங்களா? ரெண்டு வேளையும்?" என்றார். ஆமாம் என்றேன். "எங்கிட்ட பொய் சொன்னா எனக்கு நஷ்டம் இல்லம்மா" என்றார். எனக்குக் கோபம் வந்து காலி அட்டைகளை அவர் முன்னால் தட்டென்று வைத்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. அவர் என்ன செய்வார்?

யோசித்துப் பார்த்ததில் எனக்கு இது வீண். பலிக்கிறவனுக்குக் கொடுப்பதுதான் முறை. இந்த மாதத்திலிருந்து இரண்டு வேளையும் உனக்கு. முழுசாகச் சாப்பிட்டால் திரும்பக் குழிக்குள் இறங்கிவிடுவாய். டப்பா கொஞ்சம் கனமாக இருக்கும்.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்கா,

உன்னோடு முடியவில்லை. பலிக்கவில்லை என்றால் இரண்டையும் அனுப்புவேன் என்றாய். பலிக்கிறது என்றேன், அதற்கும் இரண்டையும் அனுப்புகிறாய். நான் எந்தப் பக்கம்தான் திரும்புவது?

ஒன்றுக்கு மேல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு போட்டுப் பார்த்தேன், வயிறு பற்றி எரிந்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காலை மாத்திரைகளை எல்லாம் தனியாகக் கட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை நீதான் சாப்பிட வேண்டும். நீ நிறுத்தினால் நானும் நிறுத்துவேன். உன் மிரட்டல் எனக்கும் வரும்.

தம்பி


ஜனவரி 30

தம்பிக்கு,

வருடம் முடிந்தது. முந்தா நாள் கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்கு வந்தது மருந்தேதான்.

உனக்குப் புரிகிறதா? நிஜ மருந்து. அதைச் சாப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் முன்பைவிட அதிக தூரம் நடக்கிறார்கள். இந்த நோய்க்கு இப்படி ஒரு மருந்து இதுவரை வந்ததே இல்லையாம். பக்கத்து நாற்காலிப் பெண்மணி லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறி வந்திருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உன் மிரட்டலுக்குப் பயந்து காலை மாத்திரையை விடாமல் விழுங்கியும், என் நடை மட்டும் ஆரம்பித்ததைவிட மோசம். மருந்து தொடரப் போவது பலன் தெரிந்தவர்களுக்குத்தானாம். அதில் என் பெயர் இல்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "உங்க ரத்தத்துல மருந்து பாதி அளவுதான் தெரியுதும்மா. சில பேர் உடம்பு அதைச் சீக்கிரம் வெளியே தள்ளிடும்போல. உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே, புதுசா சேர்றவங்களுக்கு அளவைக் கூட்டலாமான்னு பேசிக்கிட்டிருக்கோம்" என்றார். என் உடம்பைப் பற்றி மூன்று பேர் உட்கார்ந்து பெரிய ஆராய்ச்சி செய்கிறார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே எனக்கு நெருப்பில் நிற்பதுபோல இருந்தது.

போன மாதம் தொழிற்சாலையில் விழுந்துவிட்டேன், உனக்கு எழுதவில்லை. கையில் கத்தரி இல்லாதது நல்லதாகப் போயிற்று. இப்போது ஒரு ஸ்டூல் கொடுத்து நூல் பிசிறு வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிங் செக்‌ஷனுக்கே சூப்பர்வைசராக இருந்தவள் நான்.

போகட்டும். நீ நடக்கிறாயே, எனக்கு அது போதும். அதற்காகத்தான் எழுதுகிறேன். அடுத்த திங்கள் கிளம்பி வா. டாக்டரிடம் எல்லாவற்றையும் நானே ஒப்புக்கொள்கிறேன், திட்டட்டும். நீ அதே வராந்தாவில் அவர் கண் முன்னால் நடந்து காட்டு. பாதி மருந்திலேயே இவன் இப்படி நடக்கிறான், என் இடத்தை இவனுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். முந்தின நாள் மட்டும் தயவு செய்து எந்த மாடியும் ஏறாதே.

அக்கா


பிப்ரவரி 6

அக்கா,

திங்கள்வரை காத்திருக்க முடியவில்லை. நேற்றே உன் ஊருக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, நேரே மருத்துவமனைக்குப் போனேன். ஊன்றுகோலோடு போனேன்.

நான் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை.

மூன்றாம் மாடி, மேஸ்திரி, வயிற்றெரிச்சல் எல்லாம் பொய். ஆகஸ்ட் மாதமே கோல் பிடிக்க ஆரம்பித்துவிட்டேன். நவம்பரில் வேலையும் போய்விட்டது. நீ அனுப்பிய டப்பாக்கள் என் அலமாரியில் வரிசையாக இருந்தன. ஒரு வருடம் ஆனதும் மருந்தை நிறுத்திவிடுவோம், கடைக்கு வர எத்தனை வருடம் ஆகுமோ சொல்ல முடியாது என்று கையெழுத்து வாங்கும்போதே அவர்கள் சொன்னார்கள். நீ காதில் வாங்காமல் கையெழுத்துப் போட்டாய். நான் வாங்கிக்கொண்டேன். பலன் தெரிந்தவர்களுக்குத் தொடர்வார்கள் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அடுத்த வருடம் நீ கை பிசைந்து நிற்கும்போது எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் சேர்த்து வைத்தேன். மருந்தா மாவா என்று தெரியாமலேயே சேர்த்தேன். பாதி மருந்து எனக்குப் போதாது, உனக்கும் போதாது என்று நான் முதல் கடிதத்திலேயே எழுதினேனா இல்லையா? சாப்பிடவில்லை என்று சொன்னால் நீ காலை மாத்திரையையும் நிறுத்திவிடுவாய். நாலு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு என்னை உண்மை பேசு என்றால் எப்படிப் பேசுவேன்?

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் அளவைக் கூட்டப் போகிறார்கள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் டப்பாக்களைப் பைக்குள் அள்ளிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். உன் உடம்பு எதையும் வெளியே தள்ளவில்லை. நீ பாதியைப் பொத்தானுக்கு அடியில் வைத்து எனக்கு அனுப்பினாய், ரத்தத்தில் பாதிதான் இருக்கும். அதை நம்பி நாளைக்கு யாரோ ஒருவருக்குக் கூடுதல் மருந்தைக் கொடுத்து அவருக்கு ஏதாவது ஆனால்? உன்னிடம் கேட்டால் நீ தடுப்பாய் என்று கேட்காமலே போய்விட்டேன்.

டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "உங்க குடும்பத்துல சொன்னதைச் சொன்னபடி செய்ற ஒருத்தர்கூட கிடையாதா?" என்று கேட்டார்.

உன் ராணுவம் டப்பாக்களை வாங்கித் தட்டில் கொட்டினார். அக்காவிடமே கொடுத்துவிடுங்கள், அவள் மருந்துதானே என்றேன். "இது அவங்களோடதும் இல்ல, உங்களோடதும் இல்ல, ஆய்வோடது. அட்டையிலிருந்து பிரிச்ச மாத்திரையைத் திரும்ப யாருக்கும் தர முடியாது. எரிச்சிடுவாங்க" என்றார். சத்தம் போட்டேன், அக்கா. அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டேன். அவர் எண்ண ஆரம்பித்துவிட்டார். பாதியில் அவருக்குக் கண் கலங்கியது, ஆனால் எண்ணிக்கையை விடவில்லை. ஒரு வருடம் ஒரு மனுஷியை நடக்க வைத்திருக்க வேண்டிய மருந்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போய்ச் சீல் ஆனது.

உன்னை என்ன செய்வது என்று ஒரு குழு கூடி முடிவு செய்யுமாம்.

தம்பி


மார்ச் 4

தம்பி,

ஒரு மாதமாக உனக்கு எழுத உட்காருவதும் கிழித்துப் போடுவதுமாக இருக்கிறேன்.

ஒரு வருடம், தினமும் இரவில் மாத்திரையைப் பிரித்துப் பஞ்சில் வைத்துவிட்டு வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். நீ மாடி ஏறுகிறாய் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். அந்த நினைப்பில்தான் தூங்கினேன். தொழிற்சாலையில் விழுந்து கிடந்தபோதும், அவன் ஏறுகிறான் அல்லவா என்றுதான் முதலில் தோன்றியது. நீ ஏறவே இல்லை. உன் அலமாரியில் என் கால் இருந்தது, உன் கால் இருந்தது, இரண்டையும் பூட்டி வைத்திருந்தாய். உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. என்னையும்தான். யார் முதலில் பொய் சொன்னது என்று யோசித்தால் நான்தான் வருகிறேன், அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

குழு முடிவு செய்துவிட்டது. என் வருடக் கணக்கை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். சாப்பிடாத மருந்தைப் பலிக்கவில்லை என்று சொல்ல முடியாதாம். அளவைக் கூட்டும் பேச்சும் நின்றுவிட்டது. தொடரப் போகும் கூட்டத்தில் என்னை முதலிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு வேளையும், முழு மருந்து.

சந்தோஷப்படாதே, இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் நான் விழுங்குவதை வீட்டில் கூட இருக்கிற ஒருவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டு அம்மாவைச் சொன்னேன். ராணுவம் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க தம்பியைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கோங்க. இத்தனை மாத்திரையைக் கையில வெச்சுக்கிட்டு ஒண்ணைக்கூட முழுங்காத ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. அவரை நம்புவேன்" என்றார்.

"அவனுக்கு மருந்து?" என்று கேட்டேன். கோல் பிடிக்கிற நிலைக்குப் போனவர்களிடம் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லையாம். எப்போது பார்ப்பார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நீயே சொல். நீ எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, உனக்கு இல்லாததை நான் எப்படி விழுங்குவேன்? தொண்டையில் இறங்குமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். முடியாது என்று சொல்லப் போகிறேன்.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் ராணுவத்துக்குப் போன் செய்து என் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டுச் செய்தால் நம் இருவருக்கும் உருப்படியாக எதுவும் நடக்காது.

அவர் என்னைப் பற்றி நினைப்பது சரியில்லை. ஒரு நாள் ஒரு மாத்திரையை வாயில் போட்டேன். போன மழைக்காலத்தில், வீட்டுப்படியில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்த அன்று. கசந்தது. அப்படியே நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு துப்பிவிட்டேன். எவ்வளவு கஷ்டப்பட்டுத் துப்பினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அதனால் எனக்குப் பொறாமை இருக்காது என்று எழுத மாட்டேன். இருக்கும். நீ தண்ணீர் டம்ளரை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் இருக்கும். நீ ஸ்டூலை விட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தால் சில நாள் உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. அப்போது நான் எரிந்து விழுந்தால் நீயும் திருப்பித் திட்டு, வீட்டை விட்டு மட்டும் போகச் சொல்லாதே. என்னிடம் இப்போது வேறு வேலையும் இல்லை.

ஞாயிறு மதியம் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வந்து நிற்காதே, உன் காலைத் தேய்க்காதே, நான் ஆட்டோ பிடித்து வந்துகொள்வேன். திங்கள் காலையிலிருந்து ஆரம்பம். நான் வாயைத் திற என்றால் திறக்க வேண்டும். நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் கையெழுத்து.

நான் அழுதால் கண்டுகொள்ளாதே. நீ விழுங்கு.

தம்பி